அந்த வரி எங்கிருந்து வந்தது?

ஒரு கோப்பின் அளவைக் கணினி பைட் கணக்கில்தான் வைத்திருக்கும். 15,00,000 பைட் என்று திரையில் காட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘1.5 எம்பி’ என்று காட்ட வேண்டும். இந்தச் சின்ன வேலையை ஜாவா மொழியில் எப்படிச் செய்வது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்டிருந்தார். 2010-ல் ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் என்ற நிரலாளர் அதற்குப் பதில் எழுதினார். சாதாரணமாகச் சுற்றிச் சுற்றி வகுத்துக் கண்டுபிடிக்கும் கணக்கை, லாகரிதத்தை வைத்துச் சில வரிகளில் முடித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்ததால் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

செபாஸ்டியன் பால்டஸ், ஸ்டெஃபான் டீல் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலுள்ள ஜாவா நிரல் துண்டுகள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று தேடினார்கள். அதிகம் நகலெடுக்கப்பட்டது லுண்ட்பிளாடின் துண்டுதான். 2019-ல் அதை அவரே மறுபடி சோதித்துப் பார்த்தபோது, அதில் பிழை இருந்தது! 9,99,999 பைட்டைக் கொடுத்தால் ‘1.0 எம்பி’ என்று வர வேண்டும்; ‘1000.0 கேபி’ என்று வந்தது. லாகரிதம் முதலில் அலகை முடிவு செய்துவிடுகிறது. எண்ணை முழுமையாக்குவது அதற்குப் பிறகுதான் நடக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்கள் அந்த இடைவெளியில் தவறிவிடுகின்றன.

அவர் தன் பதிலைத் திருத்தினார், நடந்ததை வெளிப்படையாக எழுதவும் செய்தார். ஆனால் ஏற்கெனவே எடுத்துப் போனவர்களுக்கு யார் சொல்வது? நகலெடுத்த துண்டுகளில் அதிகபட்சம் நான்கில் ஒன்றில்தான் மூலம் எது என்ற குறிப்பு இருக்கும் என்பது பால்டஸ், டீல் இருவரின் மதிப்பீடு. மற்றவை பிறந்த ஊர் தெரியாத வரிகள். நிரல் துண்டுகளை எடுத்தாள்வதில் தவறில்லை, அனுபவசாலிகளும் தினமும் செய்வதுதான். எங்கிருந்து, எதற்காக எடுத்தோம் என்பதை எழுதிவைக்காமல் விடுவதில்தான் வினை இருக்கிறது. அதை எழுதிவைப்பதற்கென்றே பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்களில் ஒரு கருவி இருக்கிறது. அதைப் பலர் பாதிதான் பயன்படுத்துகிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக் கணினியில் ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘இதுதான் கடைசி’ என்று கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். எது எப்போது, ஏன் மாறியது என்று கடைக்காரருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்தை நிரலில் தீர்ப்பதுதான் பதிப்புக் கட்டுப்பாடு, அதாவது வெர்ஷன் கன்ட்ரோல். 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் இந்த வகையில் முன்னோடி. இன்று கோலோச்சுவது கிட்.

கிட் பிறந்ததே ஒரு சண்டையில்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியை இலவச அனுமதியோடு பயன்படுத்தி வந்தார்கள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற நிரலாளர் அதனோடு பேசக்கூடிய கருவி ஒன்றைத் தாமே எழுத முனைந்தார். டெல்நெட் வழியாக சர்வரைத் தொட்டு ‘ஹெல்ப்’ என்று தட்டியதும் அதுவே கட்டளைகளைப் பட்டியலிட்டது என்று பிறகு மேடையில் செய்தே காட்டினார். நிறுவனம் கோபித்துக்கொண்டு 2005-ல் இலவச அனுமதியை நிறுத்தியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய கருவி ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-ம் தேதி வாக்கில் தொடங்கி, 7-ம் தேதியே கிட்டின் நிரலைக் கிட்டிலேயே சேமித்துவிட்டார். ஜூனில் வந்த கெர்னல் 2.6.12 கிட்டில் நிர்வகிக்கப்பட்டது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பினார்.

கிட்டில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட். அந்த நொடியில் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தன, யார் மாற்றினார், அதற்கு முந்தைய கமிட் எது என்பதெல்லாம் அதில் அடங்கும். இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட 40 எழுத்து அடையாளம் ஒன்றும் அதற்கு உண்டு. பழைய கமிட் ஒன்றில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த அத்தனை அடையாளங்களும் மாறிவிடும். யாருக்கும் தெரியாமல் வரலாற்றைத் திருத்துவது எளிதல்ல.

இதெல்லாம் கருவி தானாகச் செய்வது. மனிதர் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: கமிட் குறிப்பு. அதில்தான் பெரும்பாலோர் ‘பிழை திருத்தம்’, ‘சில மாற்றங்கள்’ என்று எழுதிக் கை கழுவுகிறார்கள். என்ன மாறியது என்பதைக் கிட்டே வரி வரியாகக் காட்டும், அதைத் திரும்ப எழுதிப் பயனில்லை. ஏன் மாற்றினோம் என்பதைத்தான் அங்கே எழுத வேண்டும். வெளியிலிருந்து எடுத்த துண்டு என்றால் அதன் முகவரியும் அங்கேயே இருக்கட்டும். நிரலில் ஒரு வரி கடைசியாக எந்தக் கமிட்டில் மாறியது என்பதை ‘கிட் பிளேம்’ கட்டளை காட்டிவிடும். அங்கே ஒரு நல்ல குறிப்பு கிடைத்தால் அரை நாள் மிச்சம்.

2014 ஏப்ரலில் இணையத்தை உலுக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டையும் அப்படித்தான் தேதியோடு சிக்கியது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் வரலாற்றில் அது 2011 டிசம்பர் 31-ம் தேதி இரவு சேர்க்கப்பட்டது என்று பதிவாகியிருந்தது. எந்தப் பதிப்பு முதல் ஆபத்து, எது பாதுகாப்பானது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

எந்த வரியில் பிழை என்றே தெரியாதபோது ‘கிட் பைசெக்ட்’ கைகொடுக்கும். போன மாதம் ஒழுங்காக ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, நடுவில் 1000 கமிட்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இருந்தது எது, கெட்டது எது என்று இரண்டை மட்டும் சொன்னால் போதும். கிட் நடுவிலுள்ளதை எடுத்து நீட்டும். சோதித்து நல்லது, கெட்டது என்று பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முறையும் பாதி கழியும். பத்துச் சோதனைகளுக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஒரு நிபந்தனை உண்டு: கமிட்கள் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு வார வேலையை ஒரே கமிட்டில் கொட்டியவருக்கு, இந்த வாரத்தில் எங்கோ பிழை என்று மட்டும்தான் தெரியவரும். ஒரே கோப்பில் இரண்டு வேலைகள் கலந்துபோயிருந்தால் ‘கிட் ஆட்’ கட்டளையோடு ‘-பி’ சேர்த்துத் துண்டு துண்டாகப் பிரித்துச் சேமிக்கலாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களை அழவைக்கும் கட்டளை, பழைய கமிட்டுக்குத் திரும்ப வைக்கும் ‘ரீசெட்’. அதைத் தவறான இடத்தில் தட்டி, நேற்றைய கமிட்கள் மறைந்தால் கை நடுங்கும். பெரும்பாலும் அவை எங்கும் போயிருக்காது. ‘கிட் ரிஃப்லாக்’ என்று தட்டினால் அந்தக் கணினியில் அண்மைக்காலத்தில் நின்ற இடங்களெல்லாம் வரிசையாக வரும், பழைய அடையாளத்தைப் பிடித்துத் திரும்பிவிடலாம். எட்டாமல் போன கமிட்களையும் வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை இந்தப் பதிவு பிடித்துவைத்திருக்கும். ஆனால் கமிட் செய்யாமலே விட்ட மாற்றங்களை ரிஃப்லாக்கும் மீட்காது.

எதையும் மறக்காத இந்தக் குணமே சில சமயம் பகையாகிவிடும். 2016-ல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய கிட்ஹப் கிடங்கு ஒன்றுக்குள் ஊடுருவிகள் புகுந்தார்கள். அமேசான் கிளவுட் சேமிப்பைத் திறக்கும் சாவி அங்கே நிரலோடு நிரலாக இருந்தது. அதைக் கொண்டு சுமார் 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துப்போனார்கள். 2017 நவம்பரில்தான் நிறுவனம் அதை வெளியே சொன்னது.

கடவுச்சொல்லோடு ஒரு கோப்பைக் கமிட் செய்துவிட்டு, பதறி அடுத்த கமிட்டில் அழிப்பவர்கள் நிறைய. இன்றைய கோப்பில் அது இருக்காது, நேற்றைய கமிட்டில் பத்திரமாக இருக்கும். ரகசியங்கள் உள்ள கோப்பின் பெயரை முதல் கமிட்டுக்கு முன்பே ‘கிட்இக்னோர்’ கோப்பில் எழுதிவைத்தால் இந்தச் சங்கடமே வராது. தவறிப்போய் வெளியே போய்விட்டால் முதல் வேலையாக அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியது வாங்க வேண்டும். பழைய கமிட்களிலிருந்து அதைத் துடைக்கும் வேலையை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.