எடை மிஷின் காட்டாத பலன்

கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், அதிக எடை கொண்ட 16 பெண்களுக்கு உடற்பயிற்சி சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் மூச்சு வாங்க வாங்க மிதிக்க வேண்டும். அடுத்த ஒரு நிமிடம் இளைப்பாறலாம். இப்படிப் பத்து முறை, வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரம். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், பெண்களின் வயிற்றுக் கொழுப்பு குறைந்திருந்தது. தசைகளின் ஆற்றல் எரிக்கும் திறன் கூடியிருந்தது. பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டும் மீதிப் பேர் வெறும் வயிற்றிலும் பயிற்சி செய்தார்கள். இரு தரப்புக்கும் பலன் ஒன்றுதான். வெறும் வயிற்றோடு நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று தலைசுற்றலோடு நடக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இந்த முறைக்கு இன்டர்வல் பயிற்சி என்று பெயர். ‘எவ்வளவு வேகம்?’ என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்சம் தோராயமாகக் கிடைக்கும். 40 வயதுப் பெண்ணுக்கு அது 180. அதில் 90 சதவீதம், அதாவது 162 துடிப்பு, தீவிரப் பயிற்சி. கருவி இல்லாவிட்டால் பேச்சே அளவுகோல். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் மிதம். ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால் தீவிரம். 85 கிலோ எடையுள்ளவருக்கு மேம்பாலச் சரிவில் விறுவிறுவென ஏறினாலே இந்த நிலை வந்துவிடும். யூடியூபில் இருபது வயதுக்காரர் குதிப்பதைப் பார்த்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பெருத்த இடுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறு என்று பல சிக்கல்கள் ஒன்றுசேர்ந்திருந்த 32 ஆண்களும் பெண்களும் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் நான்கு நிமிட வேகம், மூன்று நிமிட நிதானம் என்று நான்கு சுற்று. இன்னொரு குழுவினர் ஒரே மிதமான வேகம். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி செய்த இரு குழுவுக்கும் செலவான கலோரி ஒன்றே. 16 வாரம் கழித்துப் பார்த்தால் எடைக் குறைவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மிதமாகச் செய்தவர்களுக்கு 16 சதவீதமும், இடைவெளிவிட்டு வேகமாகச் செய்தவர்களுக்கு 35 சதவீதமும் உயர்ந்தது. இதய நோயின் அபாயத்தைக் கணிப்பதில் இந்தத் திறனுக்குப் பெரிய இடம் உண்டு. 2008-இல் வெளியான இந்த முடிவு எடை மிஷினில் தெரிந்திருக்காது.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. மூச்சு முட்டும் வேகத்தில் தசை தன் சேமிப்புச் சர்க்கரையைச் சட்டென்று காலி செய்கிறது. அதை மறுபடி நிரப்ப ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. வேகமாகப் பாயும் ரத்தம் குழாய்களின் உட்சுவரைத் தூண்டுவதால் அவை நன்றாக விரிகின்றன. இதயமும் நாளடைவில் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது.

அதற்காக மிதமான நடையைக் குறைத்துப் பேச வேண்டாம். பருமனான இளம்பெண்களிடம் சீனாவில் நடந்த, 2017-இல் வெளிவந்த ஆய்வில் உள்வயிற்றுக் கொழுப்பைக் குறைப்பதில் இரண்டு முறைகளும் சமமாகவே வந்தன. இன்டர்வலில் மிச்சமாவது நேரம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சமையலறைக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத இவர்களுக்கு ஜப்பானிய வழி ஒத்துவரும். மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெது நடை, ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள். ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வில் ஐந்து மாதம் இப்படி நடந்த நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும், ஒரே சீராக நடந்தவர்களைவிட ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியது. காலிலும் வலு ஏறியது.

சுகர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மற்றவர்கள் முதல் வாரம் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். எடை குறையவில்லையே என்று மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.