அமைதிப்படை ஜெயித்ததா, தோற்றதா?

1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. கப்பல்கள் வந்து சேர்ந்த இடம் நம்ம சென்னைத் துறைமுகம். வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். காங்கிரஸ் கொதித்தது, தேசத் துரோகம் என்ற வார்த்தை வரைக்கும் போனார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் உண்டு. அப்போது கருணாநிதி எந்தத் தொகுதி எம்.எல்.ஏ. தெரியுமா? துறைமுகம்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கும் இரண்டு கட்சி கட்டி நிற்பார்கள். ‘நம்ம பசங்க கையைக் கட்டிப்போட்டு அனுப்பிட்டாங்க, இல்லைன்னா ஒரு மாசத்துல முடிச்சிருப்பாங்க’ என்பது ஒரு கட்சி. ‘உலகத்துல நாலாவது பெரிய ராணுவம், லுங்கி கட்டின பசங்ககிட்ட அடி வாங்கிட்டு வந்துச்சு’ என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்பதால், கிடைத்த புத்தகங்களை வைத்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் கதைச் சுருக்கம், தெரியாதவர்களுக்காக. 1983 கலவரத்துக்குப் பிறகு இந்தியா ஈழப் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. 1987 மே மாதம் வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரிய தாக்குதல் தொடங்கியது. ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டது. ‘ஆபரேஷன் பூமாலை’ என்று பெயர். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பில் நின்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். அதே நாளில் இந்தியப் படைகள் இறங்க ஆரம்பித்தன. போனது சண்டை போட அல்ல, இயக்கங்கள் ஒப்படைக்கும் ஆயுதங்களை வாங்கி வைக்க. அக்டோபர் 10ஆம் தேதி வாக்கில் அதே படை புலிகளோடு முழுப் போரில் இருந்தது.

இடையில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் இலங்கை ராணுவத்தின் பிடியில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் சயனைடு கடித்து இறந்தார்கள். அதற்கப்புறம் திரும்பி வர வழியே இல்லாமல் போய்விட்டது.

ஜெயித்தோம் என்று சொல்கிறவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் செத்துப்போனார்கள், ஒருவர் பிடிபட்டார். அப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகும் அந்த மாதக் கடைசிக்குள் யாழ்ப்பாணம் இந்தியப் படையின் கையில் இருந்தது. அதன் பிறகு நகரங்களும் முக்கியச் சாலைகளும் கடைசி வரை அவர்களிடம்தான். புலிகள் முல்லைத்தீவுக் காட்டுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல், டிசம்பரில் அதிபர் தேர்தல், 1989 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல் என்று மூன்றும் இந்தியப் படை அங்கே இருந்தபோதுதான் நடந்தன. ‘இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால்’ என்பது இங்கிருந்து வரும் வாக்கியம்.

எண்ணூர், மணலிப் பக்கம் கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய பேர். அப்படி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இந்த ஆறு மாதக் கணக்கைக் கேட்டேன். ‘அந்த ஆறு மாசத்தை எங்களுக்கு 88லயும் சொன்னாங்க, 89லயும் சொன்னாங்க தம்பி’ என்றார். அவரும் தமிழர்தான். அங்கே ஜனங்களிடம் தமிழில் பேசினால் முதலில் முகம் மலரும், அடுத்த நிமிடம் ‘நீங்களுமா?’ என்கிற பார்வை வரும் என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாத வாதத்தில் இருக்கிற ஓட்டை அவர் சொன்னதில் தெரிகிறது. 1987 ஜூலை 30 முதல் 1990 மார்ச் 24 வரை, ஏறத்தாழ 32 மாதங்கள். சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று ராணுவத் தலைமை மதிப்பிட்டதாக, அன்றைய இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதினார். சில வாரம் என்று ஆரம்பித்து 32 மாதம் போன பிறகும் ஆறு மாதம் கேட்கிற நிலைமையை வெற்றிக்குப் பக்கத்தில் என்று எப்படிச் சொல்வது?

இங்கே வியட்நாம் ஞாபகம் வரும். போர் முடியும் தறுவாயில் ஒரு அமெரிக்கக் கர்னல் வட வியட்நாம் அதிகாரியிடம், போர்க்களத்தில் நீங்கள் எங்களை ஒருபோதும் தோற்கடித்ததில்லை என்றாராம். இருக்கலாம், ஆனால் அதற்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று பதில் வந்ததாம். நம் ஆட்களும் அந்தக் கர்னல் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

சரி, அப்போ புலிகள் ஜெயித்தார்களா? இதுவும் அவ்வளவு சுலபமில்லை. இந்தியப் படையை அவர்கள் துப்பாக்கியால் விரட்டவில்லை. 1989 ஜனவரியில் பதவியேற்ற பிரேமதாசா, ஜூன் மாதத்தில், ஜூலைக் கடைசிக்குள் வெளியேறு என்று இந்தியாவுக்குக் கெடு வைத்தார். புலிகளோடு பேச்சுவார்த்தை நடத்தினார், ஆயுதமும் கொடுத்தார். எந்த அரசுக்கு எதிராகப் போராடினார்களோ அதே அரசின் கையிலிருந்து! அந்த டிசம்பரில் டெல்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்தார். ஆக, படையைக் கிளப்பியதில் கொழும்புக்கும் டெல்லிக்கும் பெரும் பங்கு. புலிகள் செய்தது, அந்த நாள் வரும் வரை அழியாமல் இருந்தது. கெரில்லாப் போரில் அதுவே பாதி வெற்றி என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த வெற்றியை அவர்கள் என்ன செய்தார்கள்? 1990 ஜூனில் பிரேமதாசா அரசோடு மறுபடி போர். அதே மாதம் 19ஆம் தேதி சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். 1992 மே மாதம் இந்தியாவில் தடை. இந்தியா இனி ஒருபோதும் நடுவில் வந்து நிற்காது என்பதை அவர்களே உறுதி செய்துவிட்டார்கள். 2009 முள்ளிவாய்க்காலில் அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டெல்லியின் கணக்கு வேறு மாதிரி. தீட்சித் மாதிரி ஆட்களின் பார்வையில், இந்தியா போனது ஈழத் தமிழர் மேல் பாசத்தால் மட்டுமல்ல. ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்ட கடிதங்களைப் படித்தால் புரியும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடு விளைவிக்கும் வகையில் எந்த நாட்டின் ராணுவத்துக்கும் கொடுக்கக் கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைப் புதுப்பித்து நடத்துவது இந்தியாவோடு கூட்டாக. வெளிநாட்டு வானொலி நிலையங்களை ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிற நமக்கு, ஒரு துறைமுகத்துக்காக நாடுகள் என்னவெல்லாம் செய்யும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இன்றைக்கு வரை இந்தியா கையில் மிஞ்சியிருக்கும் ஆதாயங்கள் என்னென்ன? திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள்: 2003இல் இந்தியன் ஆயில் உள்ளே போனது, 2022 ஜனவரியில் புதிய உடன்பாடு. அப்புறம் மாகாண சபைகளை உண்டாக்கிய 13ஆவது திருத்தம், தமிழுக்கும் ஆட்சி மொழி என்ற இடம். இந்த எல்லாவற்றுக்கும் வேர் 1987 ஜூலை 29 அன்று மையில் எழுதப்பட்ட காகிதம். அமைதிப்படையின் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு கூட வெடிப்பதற்கு முன்னால் கிடைத்தவை. அதற்குப் பிறகு ரத்தம் சிந்திக் கட்டியவை எதுவும் நிற்கவில்லை. வரதராஜப் பெருமாள் தலைமையில் அமைந்த வடகிழக்கு மாகாண அரசு படை கிளம்பும்போதே கவிழ்ந்தது; 1990 மார்ச் 1 அன்று தனி ஈழப் பிரகடனம் செய்துவிட்டு அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். வடக்கு கிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதாவது பேசி வாங்கியதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, சண்டை போட்டு வாங்கியதில் மிச்சமே இல்லை.

இதற்காகச் செத்தவர்கள் சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள். அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு மட்டும் பரம்வீர் சக்ரா. 1987 நவம்பர் 25 அன்று இறந்தார்.

தளபதிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் களத்தில் படையை நடத்திய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், 2007இல் வந்த தன் புத்தகத்தில், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடச் சொல்லி தீட்சித்திடமிருந்து தனக்கு உத்தரவு வந்ததாகவும், வெள்ளைக் கொடியின் கீழ் வருபவரைச் சுட மாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். தீட்சித் 2005லேயே காலமாகிவிட்டார். இந்த வகைப் புத்தகங்களில் ‘நான் மட்டும் சரியாகச் செய்தேன், மேலே இருந்தவர்கள் கெடுத்தார்கள்’ என்ற தொனி சற்று தூக்கல்தான். உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இந்த விவாதத்தில் யாரும் சேர்க்காத கணக்கு ஒன்று. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படை நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது. இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். அன்று தீபாவளி. 1989 ஆகஸ்ட் ஆரம்பத்தில் வல்வெட்டித்துறையில் மறுபடி 60 பேருக்கு மேல். ஜெயித்தோம் என்பவர்கள் இதைத் தவிர்க்க முடியாத சேதம் என்று தாண்டிப் போவார்கள். தோற்றோம் என்பவர்களில் சிலருக்கு இது தங்கள் கட்சிக்கு ஒரு பாயிண்ட், அவ்வளவுதான். ‘முறிந்த பனை’ எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம இரண்டு பக்கத்தையும் பதிவு செய்தார், இந்தியப் படை செய்ததையும், மக்கள் நடுவே நின்று அந்தப் படையை வம்புக்கு இழுத்த புலிகளின் உத்தியையும். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு இறந்தார். முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஜெனரல்களின் புத்தகங்கள் அப்புறம் வரட்டும்.

கருணாநிதி விஷயத்துக்கு வருவோம். அவர் செய்தது சரியா? என் கருத்தைச் சொல்கிறேன், திட்ட விரும்புகிறவர்கள் திட்டலாம். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியை நினைத்தால் மாலை மரியாதையோடு போய் நிற்க முடியாது என்பது நியாயம். ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவன் முடிவெடுத்தவன் இல்லை. முடிவெடுத்தவர்களைத் துறைமுகத்தில் யாரும் கப்பலேற்றி அனுப்பவுமில்லை, வரவேற்கவும் தேவைப்படவில்லை. ஒரு முதலமைச்சர் படையைக் கண்டித்து, சிப்பாய்க்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்க வழியிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு இந்த வாதத்துக்கே தமிழ்நாட்டில் இடமில்லாமல் போனது. 1991 தேர்தலில் தி.மு.க. துடைத்தெறியப்பட்டது, கருணாநிதி அதே துறைமுகம் தொகுதியில் சொற்ப வாக்கில் தப்பித்தார், பிறகு ராஜினாமா செய்தார். யாரும் ஜெயிக்கவுமில்லை, தோற்கவுமில்லை, பேசுவதை நிறுத்திவிட்டோம்.

அதனால் ஒரு விநோதம். செத்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்த பெரிய நினைவிடம் கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் இருக்கிறது, கட்டியது இலங்கை அரசு. வெளியே போ என்று கெடு வைத்த அதே நாடு. அதற்கும் காரணம் உண்டு. வடக்கை இந்தியப் படை பார்த்துக்கொண்டதால், இலங்கை ராணுவம் தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்க முடிந்தது. 1989 நவம்பரில் ரோகண விஜேவீர கொல்லப்பட்டதோடு அது முடிந்தது. இந்தப் போரில் தெளிவாக லாபம் பார்த்த ஒரே தரப்பு கொழும்பு என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

படையோடு சேர்ந்து நின்ற இயக்கக்காரர்களின் குடும்பங்களும் அந்த மார்ச்சில் கப்பலேறின. தமிழ்நாட்டில் தங்கவைக்கப்படாமல் ஒரிசாவின் மல்கான்கிரிக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. அடுத்த சில மாதங்களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் எண்ணூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி முகாமில் குடியேறினார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

கப்பல் ஏற முடியாமல் அங்கேயே நின்றவர்களும் உண்டு. 1989இல் இந்தியப் படையின் துணையோடு ‘தமிழ் தேசிய ராணுவம்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். டியூஷனுக்குப் போன பையன், கடைக்குப் போன பையன் என்று தெருவில் பிடித்து, தலையை மழித்து, கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். படை பின்வாங்கப் பின்வாங்க, ஒவ்வொரு ஊராகப் புலிகள் வந்து அந்தப் பையன்களைக் கொன்றார்கள். சிப்பாய்களின் பெயர்கள் பத்தரமுல்லையில் இருக்கின்றன. இந்தப் பையன்களின் பெயர்களை எந்தத் தரப்பும் எந்தக் கல்லிலும் பொறித்து நான் பார்த்ததில்லை.