ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன் ஒரு கூறு; அதனைத் தீர்க்கும் வைத்தியன் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; நோயாளியின் பக்கத்திலிருந்து பணிசெய்பவன் நான்காங் கூறு. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் இந்நான்கினையுமே சொல்லி, பணிசெய்பவனுக்கு வேண்டிய இலக்கணங்களாகப் பணிமுறை அறிவு, கைத்திறன், நோயாளிபால் அன்பு, தூய்மை என்பவற்றை வகுக்கின்றது. பணிசெய்பவனை வைத்தியனுக்கு ஏவலாளாக வையாது, வைத்தியத்தில் நாலில் ஒரு பங்காக வைத்த முன்னோரின் நுண்ணறிவு பாராட்டற்குரியது.

அந்த நான்காங் கூற்றினையே இன்று நாம் தாதியர் என்கின்றோம்; தமிழ்நாட்டார் செவிலியர் என்பர். பழைய அகப்பாட்டுக்களில் தலைவியை வளர்க்கும் தாய்க்குச் செவிலி என்று பெயர். தாதி என்னும் சொல்லும் பாலூட்டி வளர்ப்பவளையே முதலிற் குறித்தது. இவ்விரு சொற்களும் வளர்ப்புத் தாயிடமிருந்து வந்தமையால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டாயின. அன்பு என்னும் பொருள் சொல்லிலேயே அமைந்து கிடப்பது நன்மை. அன்பிருந்தாற் போதும், இத்தொழிலுக்குக் கணக்கு வேண்டா என்ற எண்ணம் பரவியது தீமை. ஒரு தாதி ஒரே நேரத்தில் எத்தனை நோயாளரைப் பார்க்கலாம் என்பது இரக்கத்தினால் விடை காணக்கூடிய வினாவன்று. எண்ணியும் அளந்தும் அறியவேண்டியது. அவ்வாறு அளந்தவர் கண்டது யாது, அதனைச் சட்டமாக்க முயன்ற ஓரிடத்தில் நிகழ்ந்தது யாது என்பன நேயர்கள் அறியத் தக்கவை.

தாதியின் வேலையைப் புறத்தே நின்று பார்ப்போருக்கு மருந்து கொடுத்தல், ஊசி போடுதல், காயங் கட்டுதல், படுக்கை விரித்தல் என்பனவே தென்படும். இவை அனைத்திற்கும் ஊடே நடைபெறும் வேலை ஒன்றுண்டு, அது அவதானித்தல். வைத்தியர் வந்து பார்த்துச் சென்றபின், நாளின் எஞ்சிய நேரம் முழுவதும் விடுதியில் நிற்பவர் தாதியரே. வயிற்றிற் சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். இரவு 10 மணிக்கு அவர் தெளிவாகப் பேசுகின்றார். நள்ளிரவில் அவர் நாடி சற்றே விரைகின்றது. நிமிடத்துக்கு 16 ஆக இருந்த சுவாசம் 24 ஆகின்றது. சிறுநீர் குறைகின்றது, தாகம் என்கின்றார், சிறிது நேரத்தின்பின் பேச்சிலே ஒரு தடுமாற்றம். உடலினுள்ளே குருதி கசிகின்றது, அல்லது நோய்க்கிருமி இரத்தத்திற் கலந்துவிட்டது. இதனை ஒரு மணிக்குக் கண்டால் வைத்தியரை அழைத்து உயிரைக் காக்கலாம். விடியற் காலையிற் கண்டாலோ வைத்தியர் செய்யத்தக்கது அதிகமிராது.

சத்திரசிகிச்சையின் பின் இத்தகைய இடர்கள் சிறந்த வைத்தியசாலையிலும் நேரும். அவற்றைக் காலத்தோடு கண்டு நோயாளியை மீட்பதிலேதான் வைத்தியசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வேற்றுமை இருக்கின்றது. நான்கு பேரைப் பார்க்கும் தாதி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரிடத்தும் பலமுறை செல்லலாம். எட்டுப் பேர் என்றால், ஒரு படுக்கையில் இடர் தோன்றி அங்கே அரைமணி நேரம் நிற்க நேரும்போது, மற்றை ஏழு படுக்கைகளையும் பார்ப்பதற்கு ஆளில்லை.

இதனை எண்ணிக்கையால் நிறுவியவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா எய்கன் அம்மையாரும் அவர்தம் துணைவருமாவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளில் 1998, 1999 ஆம் ஆண்டுகளிற் சத்திரசிகிச்சை பெற்ற 232,342 நோயாளரின் பதிவுகளையும், 10,184 தாதியர் தந்த விடைகளையும் அவர்கள் ஒருங்கு வைத்து ஆராய்ந்தனர். முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளரின் வயது, நோயின் கடுமை, வைத்தியசாலையின் அளவு முதலியவற்றுக்கு இடங்கொடுத்துக் கணக்கிட்ட பின்னரும், ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளர் கூடுந்தோறும் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 7 பங்கு கூடியிருந்தது. நூறு பேரில் ஏழு பேர் மேலதிகமாக இறப்பர் என்பது இதன் பொருளன்று. முன்னிருந்த அபாயம் எவ்வளவோ அதன்மேல் அதில் நூற்றில் ஏழு பங்கு ஏறும் என்பதே பொருள். நான்கு பேரைப் பார்க்கும் தாதிக்கு எட்டுப் பேரைக் கொடுத்தால் அவ்வேற்றம் நூற்றுக்கு 31 ஆகும். அதே ஆராய்ச்சியில், ஒரு நோயாளர் கூடுந்தோறும் தாதி மனஞ்சோர்ந்து போகும் அபாயமும் நூற்றுக்கு 23 கூடியிருந்தது. நோயாளருக்கு நேர்வதும் தாதிக்கு நேர்வதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது இங்கே புலனாகின்றது.

இவ்வாராய்ச்சி வெளிவருமுன்னரே இச்செய்தியைச் சட்டசபைக்குக் கொண்டு சென்ற மாநிலம் கலிபோர்னியா. 1990 களில் அங்கே காப்புறுதிக் கம்பெனிகள் வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் பணத்தை இறுக்கிப் பிடித்தன. வைத்தியசாலைகள் செலவைக் குறைக்க வழி தேடின. ஒரு வைத்தியசாலையின் சம்பளப் பட்டியலில் மிகப் பெரிய கூட்டம் தாதியராதலின் கத்தி அவர்கள்மேல் விழுந்தது. பதிவு பெற்ற தாதியர் செய்த வேலைகள் சில, குறுகிய காலப் பயிற்சி மாத்திரம் பெற்ற உதவியாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. கலிபோர்னியாத் தாதியர் சங்கம் பல ஆண்டு போராடியது. 1999 ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஆளுநர் கிரே டேவிஸ் ஒப்பமிட, தாதிக்கு இத்தனை நோயாளர் என்னும் வரம்பை வைத்தியசாலைகளெங்கும் விதிக்கும் முதற் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறியது.

சட்டம் எண்ணைச் சொல்லவில்லை. எண்ணை வகுக்கும் பொறுப்பைச் சுகாதாரத் திணைக்களத்திடம் விட்டது. பொது நோயாளர் விடுதிக்கு ஒரு தாதிக்குப் பத்து நோயாளர் என்றனர் வைத்தியசாலைச் சங்கத்தார். மூவர் என்றனர் தாதியர் சங்கத்தார். சந்தையில் மீன் விலை பேசுவதுபோற் சிலருக்கு இது தோன்றியிருக்கலாம். எனினும் அறிவுக்கும் பணத்துக்குமிடையே ஓர் எண் பிறக்கும்போது பேரம் நிகழாமலிராது. ஈற்றிற் பொது விடுதிக்கு 2004 சனவரி முதல் ஆறு பேர் என்றும், அடுத்த ஆண்டு ஐந்து பேர் என்றும் முடிவாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவர். குழந்தைகள் விடுதியிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் நால்வர்.

இவ்விதிகளில் எண்ணைக் காட்டிலும் கூர்மையானது, வரம்பு எல்லா நேரத்திலும் நிலவ வேண்டும் என்பதாகும். தாதி உணவருந்தச் செல்லும் அரைமணி நேரத்தில் அவளுடைய ஐந்து நோயாளரையும் பக்கத்திலுள்ள தாதியிடம் ஒப்படைத்தால், அத்தாதிக்குப் பத்துப் பேர் ஆகிவிடுவர்; ஆகவே மாற்றுத் தாதி ஒருவர் நிற்றல் வேண்டும். வைத்தியசாலைச் சங்கம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்து 2004 ஆம் ஆண்டிலே தோற்றது. அரைமணி நேரத்துக்காக நீதிமன்றம் ஏறுவதா என்று கேட்பவர்கள், மேலே சொன்ன சத்திரசிகிச்சை நோயாளியை மறந்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில், முன்னர்த் திரைப்பட நடிகராயிருந்த ஆளுநர் ஆர்னல்ட் சுவார்ச்செனேகர், ஐவர் என்னும் வரம்பைப் பிற்போட்டார். தாதியர் அவர் சென்ற கூட்டங்களுக்கெல்லாம் சென்று பதாகை தூக்கி நின்றனர். 2005 மார்ச்சில் நீதிமன்றம் ஆளுநரின் செயல் செல்லாது எனத் தீர்த்தது.

இனி, இச்சட்டத்தினால் விளைந்த பயன் யாது? முதலில் வந்த ஆராய்ச்சிகள் சட்டத்தின் நண்பர்களை ஏமாற்றின. நோயாளர் வழுக்கி விழுதல், படுக்கைப் புண் என்பன குறிப்பிடத்தக்க அளவு குறைந்தனவாகக் காணப்படவில்லை. 2010 இல் வெளிவந்த எய்கன் அம்மையாரின் மற்றோர் ஆராய்ச்சி கலிபோர்னியாவை, சட்டமில்லாத பென்சில்வேனியா, நியூ ஜேர்சி என்னும் மாநிலங்களோடு ஒப்பிட்டது. கலிபோர்னியாத் தாதியின் பொறுப்பிற் சராசரி ஒரு நோயாளர் குறைவாக இருந்தார். பொது விடுதிகளில் இருவர் குறைவு. கலிபோர்னியாவின் அளவிலே தாதியரை வைத்திருந்தால், சத்திரசிகிச்சையின் பின் நிகழும் இறப்புகள் நியூ ஜேர்சியில் நூற்றுக்கு 13.9 உம் பென்சில்வேனியாவில் 10.6 உம் குறைந்திருக்கும் என்று அவ்வாராய்ச்சி கணித்தது. கணிப்பு, கண்ணாற் கண்ட சான்றுக்கு ஈடாகாது என்பதும் சொல்லத் தக்கதே. தாதியர் வேலையின்போது காயமுறுவதும் நோய்வாய்ப்படுவதும் சட்டத்தின் பின்னர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தன என்று பின்னொரு ஆராய்ச்சி காட்டியது. பாரமான நோயாளியைத் தனியே தூக்கி முதுகெலும்பைக் கெடுத்துக்கொண்ட தாதியர் எந்நாட்டிலும் உளர் என்பதை நினைத்தால் இதிலே வியப்பில்லை.

செலவு என்னும் கேள்விக்கு விடை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே 2016 யூலை முதல் 27 அரசாங்க வைத்தியசாலைகளின் பொது விடுதிகளிற் பகலில் ஒரு தாதிக்கு நால்வர், இரவில் எழுவர் என விதிக்கப்பட்டது. விதியில்லாத வைத்தியசாலைகளோடு ஒப்பிட்டு 2021 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கின்படி, 145 இறப்புகளும், மீண்டும் வைத்தியசாலைக்கு வருதல் 255 உம், வைத்தியசாலையிற் படுத்திருக்கும் நாட்கள் 29,222 உம் தவிர்க்கப்பட்டன. மேலதிகத் தாதியருக்குச் செலவிட்ட தொகையைப்போல் இருமடங்கு இவ்வாறு மீந்தது. தாதியின் சம்பளம் ஒரு பக்கத்திலே தெளிவாக எழுதப்படும். நேராத சாவும் நீளாத நோயும் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. கணக்கெழுதுவோர் தவறிப்போவது இங்கேதான்.

எண்ணிக்கை மாத்திரம் போதுமா எனின், போதாது. நவீன தாதிக் கல்வியின் முன்னோடியாகிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இலண்டனிலுள்ள சென் தோமஸ் வைத்தியசாலையிற் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860 ஆம் ஆண்டில். அதனையொட்டி அவர் எழுதிய நூலில் நோயாளரை அவதானித்தல் என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், 300 வைத்தியசாலைகளில், 422,730 நோயாளரைக் கொண்டு செய்து 2014 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் நூற்றுக்குப் பத்துக் கூடும்போது நோயாளர் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 7 குறைவதைக் கண்டது. இலங்கையில் அரசாங்கத் தாதியர் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சி நடைபெறுகின்றது. யாழ்ப்பாணம் உட்படப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிற் பட்டப் படிப்பும் உண்டு. மூன்றாண்டுப் பயிற்சியும் நீண்ட அனுபவமும் உடைய தாதியை எவரும் இகழற்க. கல்வி தருவது காரணங்காட்டும் துணிவு. நள்ளிரவில் வைத்தியரை எழுப்பி, இன்ன குறிகளால் இன்னது என ஐயுறுகின்றேன் என்று சொல்வதற்கு அத்துணிவு வேண்டும்.

நேரமும் ஓர் அளவுகோல். அமெரிக்கத் தாதியர் 393 பேர் எழுதிவைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, வேலைமுறை பன்னிரண்டரை மணி நேரத்தை எட்டினாலோ மீறினாலோ தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவதைக் காட்டியது. ஆள் போதாதபோது, இருக்கும் தாதியைக் கூடுதல் நேரம் நிறுத்துவது எளிய பரிகாரம் போலத் தோன்றினும், அது போதாமையை இரவினின்று பகலுக்கு மாற்றுவதேயாம்.

உலகெங்கும் 2023 ஆம் ஆண்டில் 298 இலட்சம் தாதியர் இருந்தனர் என்றும், 58 இலட்சம் பேர் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025 இல் அறிவித்தது. இருப்பவருள் நூற்றுக்கு 78 பேர், உலக சனத்தொகையில் ஏறக்குறையப் பாதியையே கொண்ட நாடுகளில் உள்ளனர். செல்வ நாடுகளில் வேலைசெய்யும் தாதியருள் நூற்றுக்கு 23 பேர் வேற்று நாட்டிற் பிறந்தவர். செல்வ நாடொன்று தன் விடுதியில் எட்டை நாலாக்கும்போது, வேண்டிய தாதி வேறெங்கோ பொதுப்பணத்திற் பயிற்றப்பட்டவளாக இருத்தல் கூடும். இதனை ஒழுங்குபடுத்த அந்நிறுவனம் 2010 இல் ஒரு நெறிமுறையை வகுத்தது. ஆயினும் அது சட்டம் போற் கட்டுப்படுத்துவதன்று. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர்க் கடல் கடந்து சென்றோருள் தாதியரும் பலர்.

ஆகவே நம்மவர் வைத்தியசாலைகளிற் படுக்கையருகே உறவினர் ஒருவர் துணைக்கு இருப்பதைக் குறை கூறுதற்கில்லை. பயிற்சியற்றவரேனும் அவர் ஒரு காரியத்தை எளிதிற் செய்யலாம். நோயாளி அறியாதவாறு, அவர் மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் கடிகாரம் பார்த்து எண்ணுதல். வளர்ந்த ஒருவர் ஓய்ந்திருக்கையில் அது 12 முதல் 20 வரை இருக்கும். 20 ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலும், பேச்சிற் புதிதாகத் தடுமாற்றம் தோன்றினாலும், விடியும்வரை காத்திராது அப்பொழுதே தாதிக்கு அறிவித்தல் வேண்டும். எண்ணியது எத்தனை, எண்ணிய நேரம் எது என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால், வேறு பல படுக்கைகளுக்கும் பொறுப்பாய் நிற்கும் அத்தாதிக்கு முதலில் எங்கே ஓடவேண்டும் என்பது தெரிந்துவிடும்.