மழைக்காலத்தில் மழலையின் உயிர் காக்கும் உப்புச்சர்க்கரைத் தண்ணீர்

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால் போதும். தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில் பகுதிகளில் டாக்டர் வீட்டு வாசல்களில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பதைக் காணலாம். "ராத்திரியில் இருந்து தண்ணி தண்ணியாய்ப் போகிறது டாக்டர்" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் முதல் வார்த்தை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நெருக்கமான சால்களில் குழாய்த் தண்ணீர் தினமும் சில மணி நேரம்தான் வருகிறது. பல இடங்களில் குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டியே போகிறது. தண்ணீர் வராத நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும். அப்போது விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். பிடித்து வைத்த டிரம்மில் கையை விட்டு மொண்டால், மிச்சக் கெடுதலும் சேர்ந்துவிடும். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். பச்சிளம் குழந்தை தாங்குமா?

"வயிற்றைக் காயப்போடு!"

இந்த வேளையில்தான் ஊரில் இருந்து போன் வரும். நெல்லைச் சீமையில் இருந்து மாமியார் பேசுவார். "ஏளா, பிள்ளைக்கு மாந்தம்தான். பாலை நிறுத்து. தண்ணியும் கொடுக்காதே. கொடுக்கக் கொடுக்கத்தானே போகும்? ஒரு நாள் வயிற்றைக் காயப்போடு."

கணவன் இரவு ஷிப்டுக்குப் போயிருப்பான். மருமகளுக்கோ இது முதல் குழந்தை. பெரியவர்கள் பேச்சைத் தட்ட மனம் வராது. குழந்தை நாக்கை நீட்டி நீட்டி அழும். அவள் கல் மனதோடு பால் கொடுக்காமல் இருப்பாள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் குழந்தையின் உயிரை வாங்குவது நோய்க்கிருமி அல்ல. உடம்பில் உள்ள நீரும் உப்பும் வடிந்துவிடுவதுதான். பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். அது வற்றும்போது கண் குழி விழுகிறது. உச்சிக்குழி பள்ளமாகிறது. "உச்சி விழுந்துவிட்டது" என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். அவர்கள் கண்ட அடையாளம் சரியானதே. ஆனால் அதற்கு மருந்து உச்சியில் பற்றுப் போடுவது அல்ல. வாய் வழியே நீர் கொடுப்பது.

அகதி முகாமில் நடந்த அற்புதம்

1971-ம் ஆண்டு வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையில் உள்ள பன்காவ் ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தரையிலும் படுக்க வைக்க வேண்டிய நிலை. ஊசி மூலம் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். உறவினர்களே டம்ளரில் பிடித்து நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது! டாக்டர் மகாலனாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பேதியின்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிச் செல்லும். உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகும். வெறும் தண்ணீருக்கு இந்த வேகம் இல்லை. "கொடுக்கக் கொடுக்கப் போகும்" என்பது தவறு; கொடுத்தால் உள்ளே தங்கும் என்பதே உண்மை.

கலக்கும் முறை

இந்தக் கலவைதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. அரசு, மாநகராட்சி சுகாதார நிலையங்களில் இலவசம். மருந்துக் கடையில் விலையும் அதிகம் இல்லை.

பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ள வேண்டும். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலப்பதும், ஒரு லிட்டர் பொடியை ஒரே டம்ளரில் கரைப்பதும் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும், 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 5 டீஸ்பூன், 2 வயது வரை 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 5 வயது வரை 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

நள்ளிரவில் பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலை தட்டி அளக்க வேண்டும். விடியும்வரை இது காப்பாற்றும்.

டாக்டர்கள் இதனுடன் துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லி கிராம், 14 நாள். பேதி நின்றதும் பலர் இதையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. அடுத்து வரும் பேதியையும் இது தடுக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரோடு பல ஆண்டுகள் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். சர்க்கரை மிஞ்சினால் குடல் நீரை உறிஞ்சாது, வெளியே இழுத்துவிடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பொட்டலத்தில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

பேதியிலும் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவை இல்லை. பேதிக்கு ஓ.ஆர்.எஸ். மட்டும் விலக்கு. ரப்பர் நிப்பிள் போட்ட புட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம். மழைக்காலத்தில் அதைச் சுத்தமாக வைத்திருப்பது முடியாத காரியம்.

தாய்ப்பாலின் அருமையை அறிய மும்பைத் தமிழர்கள் வெளியூர் போக வேண்டாம். தாராவிக்கு அருகே உள்ள சயான் ஆஸ்பத்திரியில்தான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். பால் மிகுந்த தாய்மார்கள் கொடுக்கும் பாலை 62.5 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்டுகிறார்கள்.

பாட்டி சொன்னதில் எது சரி?

பாட்டி சொன்ன எல்லாமே தவறு என்று ஒதுக்கவும் வேண்டாம். 6 மாதம் கடந்த குழந்தைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் நல்லவை. நம் வீட்டுப் பாலாடையைக்கூட இன்று ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கழுவாத கல்லில் இழைத்த உரை மருந்தும் கூடாது. தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் கைவிடுபவர்களிடம் குழந்தையைக் கொடுக்கவே கூடாது.

பச்சிளம் குழந்தைகளுக்குக் கடும் பேதி தரும் ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து, அரசுத் திட்டத்தில் 2016-ல் 4 மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடெங்கும் வந்தது. 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

குழந்தை துவண்டு கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலும், 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகத் திரும்பினாலும் அப்படித்தான். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் எந்த அடையாளத்துக்கும் காத்திருக்க வேண்டாம். போகும் வழியெல்லாம் கரண்டியால் புகட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஊரில் இருந்து போன் வந்தால் மருமகள் பணிவாகவே பதில் சொல்லலாம்: "அத்தை, உங்கள் பேரனுக்கு உப்புத் தண்ணி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாலும் குடிக்கிறான்." மழைக்கு முன்பே இரண்டு பொட்டலம் வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்துவிடுங்கள். மருந்துக் கடை பூட்டிய நள்ளிரவில் அதன் அருமை தெரியும்.