கோச்சியை விற்பதா, தண்டவாளத்தை விற்பதா?

தெல்தோட்டைக்கு இன்றுவரை கோச்சி வந்ததில்லை. ஆனால் என் மகன் அதை வீட்டுத் தோட்டத்துக்கே கொண்டுவரப் போவதாகச் சொல்கிறான். தோட்டத்தில் ஓடும் சிறிய ரயில்களை இறக்குமதி செய்து, கண்டிப் பக்கத்து உல்லாச விடுதிகளுக்கு விற்கலாமாம். முதல் கேட்கிறான்.

எனக்கு இதில் பழைய சூடு ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பெருநாளுக்காகப் புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் இரண்டு டசின் விளையாட்டுக் கோச்சி வாங்கினேன். பாதி உடனே விற்றது. அடுத்த கிழமையே பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒருவனுக்குத் தண்டவாளத் துண்டு உடைந்துவிட்டது. இன்னொருவனுக்குப் பாதையை நீட்ட வேண்டும். மொத்தக் கடையில் கேட்டால், "தனியாக வராது" என்றார்கள். மீதிப் பாதி கடையில் தூசி பிடித்தது.

நான் கோட்டைவிட்டதை ஜெர்மனியின் மார்க்லின் கம்பனி 1891ஆம் ஆண்டிலேயே பிடித்துக்கொண்டது. பொம்மை வீட்டுச் சமையல் சாமான் செய்து வந்தவர்கள் அவர்கள். அந்த வருடம் லைப்சிக் சந்தையில், குறித்த அளவுத் தண்டவாளத்தோடு கோச்சியைக் கொண்டுவந்தார்கள். முதலில் ஒரு வட்டம். பிறகு பெட்டி, வளைவு, ஸ்டேஷன் என்று வாடிக்கையாளர் தானாகத் திரும்பி வந்தார்.

தோட்டத்துக்கென்று வந்தது எல்ஜிபி ரயில். நியூரம்பெர்க்கின் லேமன் கம்பனி 1968இல் அறிமுகம் செய்தது. ஒரு மீட்டர் அகலப் பாதையை 22.5 மடங்கு சிறிதாக்கி 45 மில்லிமீட்டரில் வைத்தார்கள். 2006இல் அந்தக் கம்பனி முறிந்தது. 2007இல் மார்க்லின் வாங்கியது. 2009இல் மார்க்லினும் முறிந்து, 2013இல் வேறு கைக்கு மாறியது. முதலாளிகள் மாறினார்கள், 45 மில்லிமீட்டர் மாறவில்லை. அன்று வாங்கியவரின் பாதை வீணாகவில்லை.

நமது பகுதியின் கதையும் இதுதான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பிக்காக. அதே வருடம்தான் நமக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869இல் தெரியவந்த இலை நோய் பிறகு கோப்பியை அழித்தது. கோப்பிக்குப் போட்ட பாதை தேயிலையைச் சுமந்தது.

ஆகவே மகனிடம் மூன்று கேள்வி கேட்டேன். உதிரித் தண்டவாளம் தனியாகக் கிடைக்குமா? மோட்டார் பழுதானால் கண்டியில் திருத்த ஆள் உண்டா? நமது மழைக்குத் தாங்குமா? பித்தளைத் தண்டவாளம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் மின்சாரம் தண்டவாளம் வழியாகவே போவதால், இலையும் சேறும் படிந்தால் கோச்சி நின்றுவிடும். அடியில் நீர் வடியச் சல்லி போட வேண்டும். ஏற்றம் மீட்டருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கடுகண்ணாவ ஏற்றத்தில் பெரிய ரயிலே 45 அடிக்கு ஓர் அடிதான் ஏறுகிறது. நமது தோட்டமோ சரிவு. மண்ணை வெட்டி மட்டப்படுத்தும் கூலியும் விலையில் சேரும்.

முடிவு இதுதான்: ஒரே ஒரு செட். நமது தோட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுதும் அது ஓடட்டும். தினமும் தண்டவாளம் துடைப்பவன் மகனே. விடுதிக்காரர் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அதற்குள் அவனுக்குப் பதில் தெரிந்துவிடும். தெரிந்தால் முதல் போடுகிறேன். ஓடாவிட்டால் நட்டம் ஒரு செட்டோடு போகட்டும். இரண்டு டசினோடு வேண்டாம்.