குறுக்கீடும் இடைமறிப்பும்: மெய்நிகராக்கச் சூழலில் கருனியின் செயற்பாடு

முன்னுரை

‘குறுக்கீடு’, ‘இடைமறிப்பு’ ஆகிய சொற்கள் பொருளால் நெருங்கியவை, ஆயினும் ஒன்றல்ல. குறுக்கிடுவது தன் செய்தியைத் தெரிவிக்க வருகிறது. இடைமறிப்பது வேறிடம் செல்வதைத் தன்னிடம் நிறுத்துகிறது. மெய்நிகராக்கப்பட்ட கணினியில் வன்பொருட் குறுக்கீடுகள் கையாளப்படும் முறையை இவ்வேறுபாட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

குறுக்கீடு

இயங்குதளத்தின் உட்கருவான கருனி, ஒவ்வொரு கருவியையும் ஓயாது வினவிக்கொண்டிருப்பதில்லை. கருவியே செயலகத்திற்குக் குறிப்பு அனுப்புகிறது. சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலிருந்து ஒருவர் இணையவழியாக நிலப்பதிவு ஒன்றைக் கோருவதாகக் கொள்ளலாம். அக்கோரிக்கை தொலைவிலுள்ள தரவு மையத்தின் வழங்கியை அடைந்ததும், அதன் பிணைய அட்டை குறுக்கீட்டை எழுப்புகிறது. செயலகம் நடப்புப் பணியின் நிலையைச் சேமித்துவிட்டு, அக்குறுக்கீட்டு எண்ணுக்குரிய நிரற்பகுதிக்குத் தாவுகிறது. எக்ஸ்86 கட்டமைப்பில் இவ்வெண்கள் 256. அவற்றுள் முதல் 32 செயலகத்தின் விதிவிலக்குகள் முதலியவற்றிற்கு ஒதுக்கப்பட்டவை. லினக்ஸ் கருனி இப்பணியை இரண்டாகப் பகுக்கிறது. கருவிக்கு உடனே மறுமொழி தருவது மேற்பாதி. வந்த தரவை ஆராய்ந்து உரிய நிரலிடம் சேர்ப்பது கீழ்ப்பாதி.

இடைமறிப்பும் உட்செலுத்தலும்

ஒரே வழங்கியில் பல ‘விருந்தினர்’ இயங்குதளங்கள் இயங்கும்போது, ஒரு விருந்தினர் தளம் இயங்கும் வேளையில் வரும் குறுக்கீடு மற்றொன்றுக்கு உரியதாக இருக்கலாம். எனவே ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருள் இடையில் நிற்கிறது. இதற்கான வன்பொருள் வசதியை இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தம் செயலகங்களில் அளித்தன. 2007இல் லினக்ஸ் கருனியில் இணைந்த கேவிஎம் இவ்வசதிகளின்மீது அமைந்தது.

குறுக்கீடு வந்ததும் செயலகம் விருந்தினர் தளத்தை விட்டு வெளியேறி, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கிறது. இதுவே இடைமறிப்பு. தரவு எந்த விருந்தினர் தளத்திற்கு உரியது என்பது அறியப்பட்டபின், அத்தளத்திற்கு ஒரு மெய்நிகர்க் குறுக்கீடு உட்செலுத்தப்படுகிறது. அத்தளம் குறுக்கீடுகளைத் தற்காலிகமாகத் தடுத்திருப்பின், தடை நீங்கும்வரை அது காத்திருக்கும். தொடக்ககால முறையில், கையாளுதல் முடிந்ததை விருந்தினர் தளம் அறிவிக்கும்போதும் மற்றொரு வெளியேற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு வெளியேற்றமும் செயலக நேரத்தை விழுங்குவதால், தரவுப் பொதிகள் மிகுதியாக வரும்போது வழங்கியின் வேகம் குன்றும்.

இடைமறிப்பைத் தவிர்த்தல்

பிற்காலச் செயலகங்கள் ‘பதிவிட்ட குறுக்கீடு’ எனத்தக்க முறையைக் கொண்டுள்ளன. குறுக்கீட்டு எண் நினைவகத்தில் குறிக்கப்படுகிறது. விருந்தினர் தளம் இயங்கிக்கொண்டிருந்தால், செயலகமே வெளியேற்றமின்றி அதனைச் சேர்ப்பிக்கிறது. அட்டை ஒரு விருந்தினர் தளத்திற்கே நேரடியாக ஒதுக்கப்பட்டிருப்பினும், எக்குறுக்கீடு எங்குச் செல்ல வேண்டும் என்னும் அட்டவணை ஹைப்பர்வைசரின் பொறுப்பிலேயே இருக்கும். ஆதலால் வேகம் கூடினும் தளங்களுக்கிடையிலான பாதுகாப்புக் குலைவதில்லை. விருந்தினர் தளம் இயங்காதிருப்பின், அதனை எழுப்பும் பணி மீண்டும் ஹைப்பர்வைசருக்கே உரியது.

முடிவுரை

மெய்நிகராக்கத்தில் இம்முறை குறைப்பது குறுக்கீடுகளை அன்று, இடைமறிப்புகளையே ஆகும். கருவி எழுப்பும் குறுக்கீடுகள் எண்ணிக்கையில் மாறாதிருக்கவே, வெளியேற்றங்கள் குறைந்து வேகம் மிகலாம். இரு கருத்துகளுக்கும் ‘குறுக்கீடு’ என்னும் ஒரே சொல்லை ஆளும் விளக்கம், கருவி பேசுவது குறைந்தது எனப் பிழைபடப் பொருள் தரும். தமிழில் முன்பே உள்ள இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி ஆள்வதே இப்பிழையைத் தவிர்க்கும் வழியாகும்.