தேர்தல் வழக்குகளில் சாட்சியம்

சட்டமன்றத் தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குத் தொடர ஒரே வழி தேர்தல் மனு ஆகும். இதன் நடைமுறை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் வகுக்கப்பட்டுள்ளது. தோற்ற வேட்பாளர் மட்டுமன்றி, அத்தொகுதியின் வாக்காளர் எவரும் மனுச் செய்யலாம். முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தல் வேண்டும். குத்தாலம் பகுதி வாக்காளர் ஒருவர் மனுச் செய்ய விரும்பினாலும் சென்னை உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். 2008 தொகுதி மறுசீரமைப்பில் குத்தாலம் தொகுதி நீக்கப்பட்டது. 

சாட்சிகளின் உரிமையும் கடமையும்

விசாரணை பெரும்பாலும் உரிமையியல் வழக்கைப் போலவே நடக்கும். ஆனால் பணம் கொடுத்தல் போன்ற ஊழல் நடவடிக்கைகளைக் குற்ற வழக்குக்கு இணையான உறுதியுடன் மெய்ப்பிக்க வேண்டும். ஊரில் பரவிய பேச்சு போதாது. யார், எங்கே, எப்போது, யாருக்குக் கொடுத்தார் என்பதை மனுவிலேயே கூற வேண்டும். நேரில் கண்டவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும்.

பிரிவு 94: யாருக்கு வாக்களித்தார் என்று கூறச் சாட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் அவரே கூறலாம் என 1980-இல் ரக்பீர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பிரிவு 95: தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் என்பதற்காகச் சாட்சி பதில் கூற மறுக்க இயலாது. உண்மையைக் கூறியவர் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுவார். பணம் வாங்கியவரும் அஞ்சாமல் பேச இது வழி செய்கிறது.

பிரிவு 96: சாட்சிக்கு நியாயமான செலவுத்தொகை வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். தொலைவிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு இது இன்றியமையாதது.

இராதாபுரம் வழக்கு

2016 தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். அஞ்சல் வாக்குகள் தவறாக நிராகரிக்கப்பட்டன என்று அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். அவற்றில் தலைமையாசிரியர்கள் இட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதே முதன்மைக் கேள்வி. எனவே இங்கு வாய்மொழிச் சாட்சியத்தைவிட ஆவணங்களே முக்கியமாயின. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அப்பேரவையின் காலமே முடிந்துவிட்டது.

காலத்தாழ்வு

ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆண்டுகள் கடக்கின்றன. சாட்சிகளின் நினைவு மங்குகிறது, சிலர் பிறழ்கின்றனர். ஆகவே, வாக்குச்சாவடி முகவர்கள் அன்றன்றே எழுத்தில் அளிக்கும் புகாரும், அதற்குப் பெறும் ஒப்புகையும் பின்னாளில் வலுவான சான்றுகளாகின்றன.